ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, கொற்கையை எப்படி நடத்துவது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். ஏரல் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல். புதிதாக ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது, நெட் சில நாள் வரும், சில நாள் வராது. பழைய துறைமுகங்கள், ஆறு போக்கு மாறியது, கடற்கரை நகர்ந்தது, இதையெல்லாம் இந்தப் போர்டை வைத்து எப்படி நடத்துவது, எந்த சாப்ட்வேர் வாங்குவது, ஒரு முன்னாள் மாணவர் வி.ஆர். கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். ஒரு கண்ணாடி, 40 பிள்ளைகள், 45 நிமிடப் பீரியட். ஆளுக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் வரும், மாட்டிக் கழற்றும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அதுவும் இல்லை. அந்த நல்ல மனிதரிடம் ஒரு யுபிஎஸ்ஸும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் கேளுங்கள், அவருக்கும் செலவு குறையும்.

சாப்ட்வேர் எதையும் வாங்க வேண்டியதில்லை. கூகுள் எர்த் ப்ரோ ஒரு காலத்தில் ஆண்டுக்கு 399 டாலர், 2015 தொடக்கத்திலிருந்து இலவசம். இணையப் பக்கத்தில் திறக்கும் கூகுள் எர்த் வேறு, கணினியில் நிறுவும் ப்ரோ வேறு. நமக்கு வேண்டியது ப்ரோ, ஏனென்றால் பழைய வரைபடத்தை அதன்மேல் போர்த்தி, கண்ணாடி மாதிரி மங்கலாக்கிப் பார்க்க முடியும். அதைத் தாண்டிப் போக ஆசையிருந்தால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், அதுவும் இலவசம்தான். ஆனால் முதல் வருடம் அதன் பக்கமே போகாதீர்கள். அதைக் கற்றுக்கொள்ளவே ஒரு கோடை விடுமுறை போய்விடும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் புரொஜெக்டர் கிடைத்தபோது ஒரே பீரியடில் எகிப்து, ரோம், ஹரப்பா, மொகஞ்சதாரோ என்று கூகுள் எர்த்தில் பறந்து பறந்து காட்டினேன். பிள்ளைகள் "சூப்பர் சார்" என்றார்கள். மறுநாள், மொகஞ்சதாரோ ஏன் சார் அந்த இடத்தில் இருந்தது என்று நானே கேட்டுப் பார்த்தேன், வகுப்பில் ஒரு கை எழவில்லை. சுற்றுலா போய்விட்டு வந்திருக்கிறோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: ஒரு பாடத்துக்கு ஒரே ஊர், திரையில் ஒரே சட்டம், அதாவது ஒரே இடத்தைக் காட்டும் ஒரே காட்சி, அதை விட்டு அங்கே இங்கே நகரக்கூடாது. மாறுவது காலம் மட்டும்.

நீங்கள் ஏரல் என்றதால் கொற்கையையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் நடத்திப் பழகிய பாடம் அதுதான்.

முதல் நாள் போர்டில் ஒரே ஒரு வாக்கியம்: "கொற்கை துறைமுகம் என்கிறார்கள். கடல் எங்கே?" உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கொற்கை வழியாகப் பஸ்ஸில் போயிருப்பார்கள். வயல், வாழை, குளம், குளத்துக்குள் ஒரு கோயில். கடல் வாசனை கூட வராது. எர்த் ப்ரோவில் ரூலர் கருவியை ஒரு பிள்ளை கையில் கொடுத்து, கொற்கையிலிருந்து கரைவரை அளக்கச் சொல்லுங்கள். எந்த இடத்திலிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆறு, ஏழு கிலோமீட்டர் என்று வரும். இரண்டு பேருக்கு இரண்டு விடை வரும், சண்டை போடுவார்கள், போடட்டும்.

அப்புறம் அந்தக் கடிகாரப் படம் போட்ட பொத்தான், பழைய செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் ஸ்லைடர். எல்லா ஆசிரியர்களும் இங்கேதான் ஏமாறுகிறோம். பிள்ளைகள் ஆவலாகப் பின்னால் இழுப்பார்கள், 2015, 2005, அதற்கு முன்னால் படம் மங்கி, 1980களின் நடுவில் போய் நின்றுவிடும். கொற்கைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையாது. "சார், கடல் வரவே இல்லை." சரி, ஏன் வரவில்லை? ஸ்லைடருக்கு 40 வருடம்தான் தெரியும், நாம் கேட்பது 2,000 வருடம். ஒரு கருவி எங்கே நின்றுபோகிறது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும் இந்த நிமிடத்துக்காகவே நான் இந்த ஸ்லைடரைக் காட்டுகிறேன்.

அதற்காக அந்த 40 வருடம் வீண் என்றில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், பரந்து கிடக்கும் உப்பளங்கள், எல்லாம் தெரியும். புன்னைக்காயலில் தாமிரபரணி ஆறு கடலில் சேரும் இடத்தைப் பெரிதாக்கி, கிடைக்கிற ஒவ்வொரு வருடப் படத்திலும் மணல் திட்டின் ஓரத்தை ஒரு கோடாக வரையச் சொல்லுங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாது. திட்டு வளர்கிறது, தேய்கிறது, வாய் ஒதுங்குகிறது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவையும் பார்க்கச் சொல்லுங்கள், 1980களிலிருந்து அது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது ஸ்லைடரில் நன்றாகத் தெரியும். பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம், இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஆக நாற்பதே வருடத்தில் கரை இப்படி ஆடுகிறது என்றால், ஆற்று வண்டல் 2,000 வருடமாக விழுந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் ஆற்றுப் படிவுகள், டெல்டா எல்லாம் இருக்கிறது, அதே புத்தகத்தின் முன்பாதியில் வரலாறு இருக்கிறது. இரண்டும் ஒரே அட்டைக்குள் தைத்திருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

இரண்டாம் பீரியட் வரைபடங்களுக்கு. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அமெரிக்க ராணுவ வரைபடச் சேவை 1950களில் வெளியிட்ட இந்திய வரைபடத் தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. யு502 வரிசை என்று பெயர், அளவு 1:2,50,000. சர்வே ஆப் இந்தியா வரைபடங்களை அடிப்படையாக வைத்து வரைந்தவை. அதற்கும் பழையது வேண்டுமென்றால் டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பில் தேடலாம், 18, 19ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரைபடங்கள் இருக்கின்றன. ஊர்ப்பெயர்களை ஆங்கிலேயன் எழுதியபடி படிக்கவைத்தால் வகுப்பே கலகலப்பாகிவிடும், டின்னவேலி, டூட்டிகொரின், டிரிச்செண்டூர் என்று. சத்தமாகப் படித்தால்தான் எந்த ஊர் என்று பிடிபடும். இன்றைய சர்வே ஆப் இந்தியா 1:50,000 தாள்களும் அவர்களுடைய தளத்தில் கிடைக்கின்றன, 1950களின் தாளோடு ஒப்பிட அவை போதும்.

1950க்கும் 1984க்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே என்பவர்களுக்கு: அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களை 1995இல் பொதுவில் விட்டார்கள். யுஎஸ்ஜிஎஸ் என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்கு தொடங்கி உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று தேடலாம். முன்பே யாராவது ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தால் இலவசம், இல்லையென்றால் காசு. கறுப்பு வெள்ளைதான், ஆனால் அதற்குப் பிறகு வந்த முதல் லாண்ட்சாட் (அமெரிக்காவின் நில ஆய்வுச் செயற்கைக்கோள்) படங்களை விடப் பல மடங்கு கூர்மை. கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பாடம் கெடாது.

பழைய தாளை எர்த் ப்ரோவில் போர்த்தும்போது ஒன்றைக் கவனியுங்கள், பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். படத்தின் மூலைகளை இழுத்து, எதையாவது எதனோடாவது பொருத்த வேண்டும். பிள்ளைகள் உடனே ஆற்றை ஆற்றோடு பொருத்துவார்கள். கரையைக் கரையோடு பொருத்துவார்கள். நாம் எது மாறியது என்று கண்டுபிடிக்க வந்திருக்கிறோமோ அதையே மாறாதது என்று வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? நகராத பொருளைப் பிடிக்க வேண்டும். திருச்செந்தூர்க் கோயில், ஸ்ரீவைகுண்டம் கோயில், மணப்பாட்டில் குன்றின் மேல் உள்ள தேவாலயம், ரயில் பாதை பிரியும் இடம். கோபுரத்தை நம்பு, ஆற்று வளைவை நம்பாதே என்று என் வகுப்பில் ஒரு கோஷமே உண்டு.

இதற்கு ஒரு கதையும் சொல்லலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்துதான் வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரிய முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். மலை இருக்கும் இடத்தில் மலையுச்சியில் கருவியை வைக்கலாம், தட்டையான காவிரி டெல்டாவில் எங்கே வைப்பது? கோயில் கோபுரங்களின் மேல். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள அந்தத் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு விட்டு, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தினார். கோபுரத்தை அவர் நம்பிய அதே காரணத்துக்காகத்தான் நாமும் மவுஸைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தைத் தேடுகிறோம்.

துல்லியத்தைப் பற்றியும் ஒரு கணக்கு போடவையுங்கள். 1:2,50,000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டர். கரையைக் குறிக்கும் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அது 125 மீட்டர். ஆகவே பழைய தாளுக்கும் இன்றைய படத்துக்கும் 100 மீட்டர் வித்தியாசம் தெரிந்தால் "கடல் பின்வாங்கிவிட்டது" என்று சொல்ல முடியுமா? முடியாது, அது கோட்டின் தடிமன். லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர், அது 2015க்குப் பிறகுதான். கணக்கு ஆசிரியர் ஒத்துழைத்தால் இதை அவர் பீரியடிலேயே நடத்திவிடலாம். என் பள்ளியில் ஒத்துழைக்கவில்லை, அது வேறு கதை.

வரைபடமும் இல்லாத காலத்துக்கு என்ன செய்வது? கொற்கை சுவையாவது இந்த இடத்தில்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய செங்கடல் கடற்பயணக் குறிப்பு, கொல்கை என்ற இடத்தில் பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பு நடப்பதையும் தண்டனைக் கைதிகள் குளிப்பதையும் சொல்கிறது. தாலமியின் புவியியலிலும் கொல்கை வருகிறது. சங்கப் பாடல்களில் கொற்கை முத்து திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பேசும் துறைமுகம் கொற்கை இல்லை, காயல். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்து நிற்கின்றன. அந்தக் காயல் இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் புன்னைக்காயலில் உட்கார்ந்தார்கள். அப்புறம் தூத்துக்குடி.

இந்த நான்கு ஊர்களையும் நான்கு ஊசியாக எர்த்தில் குத்தி, வருடத்தைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். கொற்கை உள்ளே, பழையகாயல் கடலுக்கு இன்னும் பக்கம், புன்னைக்காயல் ஆற்று வாயிலேயே. துறைமுகம் ஆற்றின் வாயைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன், "சார், பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாத்துற மாதிரி" என்றான். அதை விட நன்றாக நான் சொன்னதில்லை. அரசியல், வணிகம், கப்பலின் அளவு என்று வேறு காரணங்களும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், வண்டல் மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. தூத்துக்குடி ஆற்றின் வாயில் இல்லையே என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஊர்ப்பெயரும் ஒரு சான்று. காயல் என்றாலே கடலை ஒட்டிய உப்பங்கழி. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், மூன்று பெயருக்குள்ளும் தண்ணீர் நிற்கிறது. கொற்கைக்குப் பக்கத்தில் அக்காசாலை என்று ஓர் ஊர், அக்கசாலை என்றால் பொன் வேலையும் நாணயம் அடிப்பதும் நடக்கும் இடம். பட்டினம், துறை, காயல், மணல், தேரி என்று முடிகிற, தொடங்குகிற பெயர்களையெல்லாம் பிள்ளைகள் தாலுகா வரைபடத்தில் தேடி, வகைக்கு ஒரு நிறம் கொடுக்கட்டும். தேரிக்காட்டின் செம்மணல் செயற்கைக்கோள் படத்தில் அப்படியே சிவப்பாகத் தெரியும், அதைப் பார்த்தவுடன் கத்துவார்கள்.

கடைசியாக மண். கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் கொற்கையில் தோண்டியபோது கடல் சிப்பிகள் கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அங்கே அகழாய்வு செய்தது. அந்தப் பக்கம் கிணறு தோண்டியவர்கள், போர்வெல் போட்டவர்கள் உங்கள் பிள்ளைகளின் வீடுகளிலேயே இருப்பார்கள். எத்தனை அடியில் களிமண், எத்தனை அடியில் மணல், சிப்பி வந்ததா, தண்ணீர் எந்த ஆழத்தில் உப்புக் கரித்தது என்று போனில் பேட்டி எடுத்து வரச் சொல்லுங்கள். இடத்தைப் போனின் ஜிபிஎஸ்ஸில் குறித்து, கூகுள் மை மேப்ஸிலோ யுமேப்பிலோ ஊசி போட்டால் போதும். தமிழிலேயே எழுதலாம். ஐந்து பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும், கிணற்றுக்கு அது பரவாயில்லை. பத்து ஊசி விழுந்ததும் ஸ்மார்ட் போர்டு முதல்முறையாக உங்கள் பள்ளியின் சொந்தச் சரக்கைக் காட்டும். இந்த முழுப் பாடத்திலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. டவுன்லோடு செய்த வீடியோ எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

இனி, கருவி நம்மை ஏமாற்றும் சில இடங்கள்.

கடல் மட்டத்தை உயர்த்திக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. ஐந்து மீட்டர் என்று தட்டினால் கடல் உள்ளே வந்து கொற்கையைத் தொடுகிற மாதிரி நீலமாகும், வகுப்பு கைதட்டும். தப்பு. இரண்டு தப்பு. ஒன்று, அன்றைக்கு இந்தத் தரையே இப்படி இல்லை, இந்த மண்ணே பிறகு வந்து விழுந்த வண்டல்தான். இன்றைய தரையின் மேல் தண்ணீரை ஊற்றினால் அன்றைய கரை வராது. இரண்டு, உயர அளவே நம்பகமில்லை. பெரும்பாலும் எல்லாரும் எடுத்துக்கொள்வது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடார் வைத்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு. ரேடார் தரையை மட்டும் பார்ப்பதில்லை, தென்னை மண்டையையும் வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பார்க்கிறது. நம் ஊர் மாதிரி சப்பையான இடத்தில் சில மீட்டர் பிழை என்றால் எல்லாமே பிழை. ஆற்றங்கரை மேடாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே வண்டல் மேடா, தென்னந்தோப்பா? நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, யூடியூப் பார்த்துவிட்டுக் குமரிக்கண்டத்தோடு வரும் பையன். ஒவ்வொரு வருடமும் ஒருவன் வருவான். அவனைக் கேலி செய்யாதீர்கள், எர்த் ப்ரோவை அவனிடமே கொடுங்கள். கர்சரைக் கடலின் மேல் வைத்தால் கீழே ஆழம் காட்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. அப்படியானால் 120 மீட்டரை விட ஆழம் குறைந்த இடமெல்லாம் தரை. பாக் நீரிணை முழுக்கத் தரை, இலங்கைக்கு நடந்தே போகலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு திட்டு. அதற்கு அப்பால் ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் என்று இறங்கிவிடும், அங்கே கண்டம் எதுவும் உட்கார இடமில்லை. அவனே அளந்து அவனே சொல்லட்டும். கரையை ஒட்டிய நிலம் கடலுக்குள் போனது நிஜம், கண்டம் போனது கதை, இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பீரியட் போதும். பூம்புகாரை முதல் பாடமாக எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான், கடலுக்கடியில் என்றதுமே வகுப்பு கைநழுவிப் போய்விடும். கொற்கையில் அந்தத் தொல்லை இல்லை, இங்கே கடல் வரவில்லை, போயிருக்கிறது.

ஏஐ வரைந்து தரும் "சங்ககாலக் கொற்கை" படங்கள். ஏழு நிலை ராஜகோபுரம், பின்னால் ஐரோப்பியப் பாய்மரக் கப்பல், மரத்தில் மக்காச்சோளம் காய்க்காத குறை. பிள்ளைகள் அதைப் போட்டோ என்றே நம்புகிறார்கள். தடை போட்டுப் பயனில்லை, படத்தைப் போர்டில் போட்டு எத்தனை தப்பு என்று எண்ணச் சொல்லுங்கள். அவ்வளவு உயரக் கோபுரங்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை என்பது அன்றைக்குத்தான் அவர்கள் மண்டையில் ஏறும்.

இன்னொன்று சட்டச் சிக்கல், சின்னது, ஆனால் ஹெச்.எம். கேட்பார். வெளிநாட்டுத் தளங்களின் வரைபடங்களில் காஷ்மீர் எல்லை நம் அரசு காட்டுவது போல இருக்காது. மாவட்ட அளவில் வேலை செய்யும்வரை பிரச்சினை இல்லை. இந்தியா முழுவதையும் போர்டில் காட்டினால், அல்லது பள்ளிச் சுவரில் ஒட்டினால், சர்வே ஆப் இந்தியா வெளியிடும் எல்லைப் படத்தை மட்டும் பயன்படுத்துங்கள். இஸ்ரோவின் புவன் என்ற வரைபடத் தளமும் இதற்கு உதவும்.

உங்கள் பகுதிக்கென்று தனியாக ஒன்று: 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்று நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டது எல்லாம் உங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கும், இல்லையென்றாலும் "இந்த ஜன்னல் வரைக்கும்" என்று ஆச்சி சொல்வார். டேப் வைத்து அளந்து, ஊசி போடுங்கள். அப்புறம் அதே சட்டத்தில் பழைய தாளைப் போர்த்துங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் பழைய தாளில் குளம் இருந்ததா, ஓடை இருந்ததா, வயலா? விடை எனக்கு முன்கூட்டியே தெரியாது, உங்களுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கு அது புரிந்துவிட்டால் போர்டை விட்டு நகரமாட்டார்கள். வெள்ளத்தில் வீட்டையோ மாட்டையோ இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் மட்டும் முன்பே தனியாகப் பேசிவிடுங்கள்.

நெட் இல்லாத நாளுக்கு: எர்த் ப்ரோவில் கடைசியாகப் பார்த்த படங்கள் கணினியிலேயே கொஞ்சம் தங்கும், ஆனால் அதை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். வீட்டில் ஒரே சட்டத்தில், ஒரே உயரத்தில் ஒவ்வொரு காலப் படத்தையும் சேமியுங்கள், மெனுவிலேயே படமாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. பவர்பாயின்டில் ஸ்லைடுக்கு ஒன்றாக முழுத்திரையில் ஒட்டுங்கள், எந்த அனிமேஷனும் வேண்டாம். அம்புக்குறிப் பொத்தானை முன்னும் பின்னும் தட்டினால் கரை ஆடும். நான் இன்றுவரை அதிகம் பயன்படுத்துவது இந்த ஏழைத் தொழில்நுட்பத்தைத்தான், ஒருநாளும் காலை வாரியதில்லை. ஸ்மார்ட் போர்டில் அந்தப் படத்தின் மேலேயே பேனாவால் கோடு போடலாம் என்பதுதான் சாதாரண புரொஜெக்டரை விட இது உசத்தியாக இருக்கும் ஒரே இடம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், நீங்கள் பின்வரிசையில் போய் உட்காருங்கள். ஹைடெக் லேப் காலியாகக் கிடைக்கும் நாளில் இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று கொடுத்துவிடலாம், ஆன்லைன் தேர்வும், பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் வேலையும் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் பெரிய வேட்டை.

சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் தங்கைக்கும் கேட்டிருந்தீர்கள். அவர் மெரினாவை எடுக்கலாம். 1870களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அதற்கு முந்தைய வரைபடங்களில் கோட்டைக்கு மிகப் பக்கத்தில் அலை அடிக்கும். இதுவும் ஸ்லைடரில் வராத மாற்றம், பழைய வரைபடம் வேண்டும். மாம்பலத்து நீண்ட ஏரி 1920களில் தியாகராய நகராக மாறியதும் நல்ல பாடம், ஏரி என்று போட்டிருக்கும் பழைய படத்தை இன்றைய தி. நகரின் மேல் போர்த்தினால் விளக்கம் சொல்லவே வேண்டாம்.

மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பத்துக்குப் போடுவேன். பிள்ளைகள் 2,000 ஆண்டுக்கு முந்தைய கரை எங்கே இருந்திருக்கும் என்று ஒரு கோடு வரைய வேண்டும், ஆனால் மூன்று நிறத்தில்: சான்று இருக்கும் இடத்தில் பச்சை, இருக்கலாம் என்ற இடத்தில் மஞ்சள், தெரியாத இடத்தில் சிவப்பு. கோடு எங்கே போகிறது என்பதற்கு மூன்று மதிப்பெண்தான், ஏனென்றால் சரியான கோடு என்னிடமும் கிடையாது. மீதி ஏழும், ஒவ்வொரு பச்சைக்கும் என்ன சான்று என்று சொல்வதற்கு. முதல் வருடம் எல்லாரும் முழுக்கப் பச்சை போட்டார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். இரண்டாவது வருடம், மதிப்பெண் எங்கே போகிறது என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டதால், முழுக்கச் சிவப்பு போட்டுத் தப்பிக்கப் பார்த்தார்கள். அதனால் இப்போது குறைந்தது இரண்டு பச்சை கட்டாயம் என்று விதி வைத்திருக்கிறேன். நீங்கள் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.